மலைப்பெயர்களைக் கேட்டு எழுதிய அனுபவம்: திருகோணமலை

மூதூர்வாசி:
ஒரு பெயர் இன்னும் மனதை உறுத்துவதால் எழுதுகிறேன். மூதூர் கிழக்கில், 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முன்னர் மாட்டுப்பட்டி வைத்திருந்த ஐயா ஒருவர், குளக்கட்டில் நின்று ஒவ்வொரு குன்றாகக் கைநீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் வெறும் வானத்தைக் காட்டி, "இது கழுகுப்பாறை" என்றார். கல்லுடைத்த பள்ளமும் அதில் தேங்கிய பச்சைத் தண்ணீரும்தான் அங்கே இருந்தன. அவர் கையோ பழைய உச்சியின் உயரத்திலேயே நின்றது. இல்லாத மலையை ஏன் எழுதுகிறாய் என்று உடன் வந்தவர் கேட்டார். மூன்றாம்கட்டை (மூன்றாம் மைல்கல்) மலை போல வீதி வந்தபின் அமைந்த பெயர்களை விட்டாலும், இப்படிப்பட்ட பெயர்களை விடக்கூடாது என்பேன்.

தம்பலகாமத்தான்:
கழுகுப்பாறையை எழுதியது சரி. மூன்றாம்கட்டை மலையை விடலாம் என்பது தவறு. ஊரார் நாள்தோறும் வழங்கும் பெயரைப் புதியதென்று தள்ள நாம் யார்? எங்கள் பக்கத்தில் ஒரே குன்றுக்கு வயற்காரர் ஒரு பெயரும் தேனெடுப்பவர் வேறொரு பெயரும் சொல்லி, வரம்பிலேயே சண்டைக்கு நின்றார்கள். இரண்டையும் எழுதினேன்.

திரியாய்ப் பேத்தி:
அடிவாரத்தில் நின்ற என் அம்மம்மாவிடம் மலைமேலுள்ள பழைய பௌத்தத் தூபியான கிரிகண்டு சேய எங்கே என்று பயணிகள் கேட்க, அவர் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். அதே மலையை ஊரார் சொல்லும்படி கந்தசாமி மலை என்று கேட்டிருந்தால் கையைப் பிடித்தே கூட்டிப்போயிருப்பார். அதனால்தான் சொல்கிறேன்: வரைபடத்திலுள்ள பெயரை முதலில் நீங்கள் சொல்லாதீர்கள், மரியாதைக்காக எவரும் ஆமென்று தலையாட்டிவிடுவார்கள். சொன்னவர் எந்த ஊரார், எங்கே நின்று எந்தத் திசையைக் காட்டினார் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். குரலைப் பதிவுசெய்து, அவர் உச்சரித்தபடியே எழுதிய பின்னர் எழுத்துத் திருத்தம் பாருங்கள். விறகுக்குப் போன பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். பெரிய மலையை விட்டு, ஆண்கள் சொல்லாத சிறு பாறைகளை அவர்கள் சொல்வார்கள். மூதூர்வாசிக்கு: நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்தை (ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டுவது) தேடிப்பாருங்கள், கல்லுடைப்புக்கு முந்தியதாயின் கழுகுப்பாறையின் உயரக்கோடுகள் அதில் இருக்கக்கூடும். ஐயா இருக்கும்போதே அவரிடம் காட்டி இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.