ஜன்னல் அடிப்பலகை மக்கியிருக்கிறது: செப்பனிடுவதா, மாற்றுவதா?

கேள்வி:
எங்கள் வீட்டில் சாரல் நேராக அடிக்கும் ஜன்னலின் மர அடிப்பலகையில், வெளி விளிம்பை ஒட்டிப் பெயின்ட் உப்பி உரிகிறது. திருப்புளியால் குத்திப் பார்த்ததில் ஒரு மூலையில் மட்டும் விரற்கணு அளவுக்கு உள்ளே இறங்கியது. மற்ற இடங்களில் மரம் கெட்டியாகவே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மூலையில்தான் பட்டி வைத்துப் பூசினேன். இம்முறை பலகையையே மாற்றிவிடலாமா?

மறுமொழி 1:
பட்டி வைத்த இடமே மறுபடி கெட்டிருப்பதால், தண்ணீர் வரும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். இல்லையெனில் புதுப் பலகையும் இதே மூலையில் மக்கும். ஒரு குவளை நீரைப் பலகைமேல் ஊற்றுங்கள். அது வெளிப்பக்கம் வழியாமல் தேங்கினால் வாட்டம் (வெளிப்பக்கச் சரிவு) போதவில்லை. பிறகு பலகையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளி விளிம்புக்கு இணையாக ஒரு காடி, அதாவது நீளமாகக் குடைந்த சிறு பள்ளம், இருக்க வேண்டும். அடிப்பரப்பில் ஒட்டியபடி சுவரை நோக்கி ஊரும் நீர், அந்தக் காடியில் தடைப்பட்டுத்தான் சொட்டாகக் கீழே விழும்.

கேட்டவர்:
தடவிப் பார்த்தேன். காடி இருக்கிறது, ஆனால் மேன்மேலும் பூசிய பெயின்டால் அந்த மூலையருகே ஒரு சாண் நீளத்துக்கு முழுதும் அடைபட்டிருக்கிறது. வாட்டம் சரியாகவே இருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. காடியைச் சுரண்டித் திறந்துவிட்டு, மக்கிய பகுதியைக் கெட்டி மரம் தென்படும்வரை உளியால் செதுக்கி எடுங்கள். அதன்பின் அவசரப்படாமல் மரத்தை உலர விடுங்கள். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளரும் என்பதால், ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது பழைய தவற்றையே திரும்பச் செய்வதாகும். உலர்ந்த பின் சாதாரணப் பட்டிக்கு மாறாக மரத்துக்கான எபாக்சி நிரப்பியை அழுத்தி அடைத்து, உப்புத்தாள் இட்டு, பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே நனைத்துத் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னதை ஏற்கிறேன். செதுக்கும்போது பலகையின் பாதித் தடிமனுக்குமேல் மக்கியிருந்தாலோ, மக்கல் ஜன்னல் சட்டத்துக்குள் சென்றிருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். பழைய பலகையை நெம்பினால் சுவர்ப்பூச்சு பெயரும். நடுவில் குறுக்கே அறுத்து, இரு துண்டுகளையும் நடுப்பக்கமாக இழுத்து எடுப்பது நல்லது. அறுக்கும் முன்பே முழு வடிவத்தையும் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள்.

புதுப் பலகையில் பலரும் தவறவிடுவது அடிப்பக்கமும் இரு முனைகளும்தான். மரம் குறுக்கே அறுபட்ட முனைகள் மற்றப் பக்கங்களைவிட மிக விரைவாக நீரை உறிஞ்சும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கங்களுக்கும் பிரைமர் அடித்து, முனைகளுக்கு இரண்டாம் முறையும் அடியுங்கள். சட்டத்துடன் சேரும் இடத்தைப் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டால் அடையுங்கள். சாதாரண சிலிக்கான்மேல் பெயின்ட் பிடிக்காது. காடிக்குள் மட்டும் பெயின்ட் கட்டியாகத் தேங்காதபடி, காய்வதற்கு முன்பே தூரிகை நுனியால் வழித்துவிடுங்கள்.