ரெஸ்டோரேஷன் போட்டோக்கள்: சைஸ் குறைக்க, பகிர, பேக்கப் வைக்க எது சரியான முறை?

ஹெரால்டு_66 கேட்டது:

1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ரெஸ்டோர் செய்றேன். பாடியைச் சேசிஸிலிருந்து இறக்கியாச்சு. டிங்கரிங் ஓர் இடம், இன்ஜின் வேறு இடம், வயரிங் இனிமேல்தான். பிரிக்கும்போது எடுத்த படங்கள் சுமார் 3,000. பெரும்பாலும் 12 மெகாபிக்சல், ஒவ்வொன்றும் 4 எம்பி அளவு. கொஞ்சம் 50 மெகாபிக்சலிலும் இருக்கு, அவை 15 எம்பிக்கு மேல். டிங்கரிங் பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை தனி.

இந்த ஃபோரத்தில் அப்லோடு செய்தால் ஒரு படத்துக்கு 1 எம்பிதான் வரம்பு. கூகுள் போட்டோஸில் 15 ஜிபி நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருது. போனிலும் இடமில்லை. மொத்தமாக எல்லாவற்றையும் சின்னதாக்கிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடலாமா? எந்த அளவுக்குக் குறைக்கலாம்? விண்டோஸ் லேப்டாப் இருக்கு.

பழையவண்டி_மதுரை:

ஒரிஜினலை அழிக்காதீங்க சார். 3,000 படம், 12 ஜிபி சொச்சம், ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மூலையில் அடங்கிடும். இடத்துக்காக அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாக்கிய படம் காட்டுவதற்கு மட்டும்தான். அதிலிருந்து பெரிய படத்தைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இங்கே போட நீளப் பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் குவாலிட்டி 80 போதும். 4000×3000 படம் 1600×1200 ஆகும், 300 முதல் 500 கேபிக்குள் வந்துடும். துரு, புல்வெளி, சரளைக்கல் தரை மாதிரி பொடிப்பொடியான விவரம் நிறைந்த படம் கொஞ்சம் கூடும், ஆனாலும் 1 எம்பியைத் தாண்டுவது அரிது.

விண்டோஸில் இர்ஃபான்வியூ இலவசம். திறந்து பி விசையை அழுத்தினால் பல படங்களை ஒரே தடவையில் மாற்றும் பேட்ச் ஜன்னல் வரும். அவுட்புட் ஜேபெக். அட்வான்ஸ்டு பகுதியில் ரீசைஸுக்குப் போய் நீளப் பக்கத்துக்கு 1600 கொடுங்க. அகலம், உயரம் இரண்டுக்கும் தனித்தனியாக எண் கொடுத்தால் நெடுக்குப் படங்கள் நசுங்கிப்போகும். சின்னப் படங்களைப் பெரிதாக்க வேண்டாம் என்ற டிக் கட்டாயம் இருக்கணும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த குட்டிப் படங்களும் ஊதிப்போய் மங்கலாகும். ரீசாம்பிள் முறையைத் தேர்ந்தெடுங்க. வெறும் ரீசைஸ் என்றால் கிரில், ஸ்போக், விளிம்புக்கோடு எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். குறைத்தபின் லேசாக ஷார்ப்பன். அவுட்புட் ஃபோல்டர் வேறாக இருக்கணும், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதும் டிக் எடுக்கப்பட்டிருக்கணும். இந்த இரண்டும் தப்பினால்தான் ஆட்கள் ஒரே கிளிக்கில் ஒரிஜினல் அத்தனையையும் இழக்கிறாங்க.

படம் படுத்துக்கொண்டு தெரிகிறதே என்று அடிக்கடி கேட்பாங்க. போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, “இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு” என்று எக்ஸிஃப் தகவலில் (எடுத்த தேதி, இடம் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதியும் பகுதி) ஒரு குறிப்புதான் போடும். எக்ஸிஃபை நீக்கினால் அந்தக் குறிப்பும் போயிடும். அதனால் எக்ஸிஃப் படி ஆட்டோ ரொட்டேட் ஆகும்படி முதலில் செட்டிங்கில் வைத்துவிட்டு, அப்புறம் எக்ஸிஃபை நீக்குங்க. நீக்கத்தான் வேணும். உங்க ஷெட் இருக்கும் இடம் ஜிபிஎஸ் எண்ணாக அதில் பதிந்திருக்கும். பழைய கார், பிரித்துப்போட்ட உதிரி பாகங்கள், கூடவே விலாசம், மூன்றையும் சேர்த்துப் பொதுவெளியில் வைக்கக் கூடாது. நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர் தகடு, ஆர்சி புத்தகம் தெரிகிற படங்களையும் தனியாகப் பார்த்து மறைச்சிடுங்க. மங்கலாக்குவதைவிடக் கருப்புப் பட்டை போடுவது பாதுகாப்பு.

லூகாஸ்வயர்:

மேலே சொன்னது பாடி, பெயின்ட், இன்டீரியர் படங்களுக்குச் சரி. வயரிங் படங்களுக்கு ஒத்துவராது, காரணத்தோடு சொல்றேன்.

ஹெரால்டில் லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) வயர் கலர் முறைதான். பிரவுன் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாக வரும் இக்னிஷன் லைன், கருப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக்கோடு இருந்தால் ஹைபீம், சிவப்புக்கோடு இருந்தால் டிம். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இன்ஜின் பே முழுக்கத் தெரியும்படி, அதாவது 1200 மில்லிமீட்டர் அகலத்தை 4000 பிக்சலில் எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சல் சொச்சம். அதையே 1600க்குக் குறைத்தால் ஒன்றே கால் பிக்சல்தான். அதோடு முடியலை. ஜேபெக்கில் வழக்கமாக வெளிச்சம்தான் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதியும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் பதியும். நீலத்தின் மேல் சிவப்புக்கோடு அந்த நான்கில் கரைந்து, முழுசும் ஊதாவாகத் தெரியும். படத்தைப் பார்த்து இங்கே ஒருத்தர் “இது ஊதா வயர், எப்போதும் சப்ளை இருக்கும் லைன்” என்று பதில் சொல்வார். அதை நம்பிக் கனெக்‌ஷன் கொடுத்தால் ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டிய விளக்கு லைனில் பேட்டரி நேராக ஏறும். பழைய துணிச்சுற்று வயர்களில் நிறம் ஏற்கெனவே வெளுத்துப்போனது, அதோடு இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் வயரிங் படங்களைக் குறைக்காதீங்க, வெட்டுங்க. ஒரிஜினலின் ஒரு பிரதியிலிருந்து கன்ட்ரோல் பாக்ஸ் (டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் பகுதியை மட்டும் 1500×1000 அளவு கிராப் செய்தால் பிக்சல் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கும், சைஸும் வரம்புக்குள் நிற்கும். சேமிக்கும்போது குவாலிட்டி 90 கொடுத்து, குரோமா சப்சாம்ப்ளிங்கை, அதாவது நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகப் பதிவதை, நிறுத்தும் டிக்கைப் போடுங்க. இர்ஃபான்வியூவின் ஜேபெக் ஆப்ஷனிலேயே அது இருக்கு. கோப்பு கொஞ்சம் பெரிசாகும், ஆனால் கோடு பிழைக்கும். கேள்வி கேட்கும்போது முழு இன்ஜின் பே படம் ஒன்று 1600 அளவில், கிராப் படம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டால் எங்கே இருக்கிறது, என்ன நிறம் என்பது இரண்டும் பார்ப்பவருக்குத் தெரியும்.

வயரிங்கை இன்னும் கழற்றவில்லை என்றால் எடுக்கும் விதமும் முக்கியம். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய துணி டேப் சுற்றி, எண் கேமராவைப் பார்க்கும்படி திருப்பிவிட்டு எடுங்க. கன்ட்ரோல் பாக்ஸ் டெர்மினல்கள் ஏ, ஏ1, எஃப், டி, ஈ, இந்த எழுத்துகளும் அதே படத்தில் படிக்கிற மாதிரி இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், செம்பும் பித்தளையும் பளீரென்று வெளுத்து நிறத்தைக் கெடுக்கும். பகல் வெளிச்சம், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். ஷெட்டின் மஞ்சள் விளக்கில் வெள்ளை வயர் கிரீம் நிறமாகத் தெரிந்தாலும் அந்தத் தாளை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். பழைய பெயின்ட் நிறத்தைப் பதியும்போதும் இதே தாள் உதவும், ஆனால் நிறம் கலக்கப் படத்தை நம்பக் கூடாது. பானெட்டின் உள்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்திலிருந்து ஒரு துண்டு அசல் பெயின்டைக் காட்டித்தான் கலக்கணும்.

பாடி–சேசிஸ் நடுவே உயரம் சரிசெய்ய வைத்திருந்த ஷிம் தகடுகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஹெரால்டின் கதவு இடைவெளி முழுக்க அந்தத் தகடுகளின் மேல்தான் நிற்குது. ஒவ்வொரு மவுன்டிங்கிலும் எத்தனை ஷிம், எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியர் அளவுகோலோடு எடுத்த படம் இருந்தால் அதை 1600க்குக் குறைத்தாலும் பரவாயில்லை, எண் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கோங்க.

ஹெரால்டு_66:

ரொம்ப நன்றி. வயரிங் விஷயம் யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எதுவும் தேதி வரிசையில் நிற்க மாட்டேங்குது, பெரிதாக்கினால் உடைகிறது. அப்புறம், கூகுள் போட்டோஸில் எல்லாம் ஏறியிருக்கு என்பதால் போனிலிருந்து அழித்தால் போதுமா?

மூன்றுபிரதி:

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600க்குக் குறைத்து, எக்ஸிஃபையும் நீக்கிடும். எச்டி என்று அனுப்பினாலும் மறுபடி சுருக்கத்தான் செய்யும். பட்டறைக்காரரிடம் “கேலரியிலிருந்து வேண்டாம்ணே, டாக்குமென்ட் போட்டு அனுப்புங்க” என்று சொல்லுங்க. பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும் இணைப்புக் குறியைத் தொட்டு டாக்குமென்ட் வழியாகப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் வரும், எடுத்த தேதியும் உள்ளே இருக்கும். ஏற்கெனவே வந்தவற்றின் கோப்புப் பெயரில் உள்ள தேதி உங்களுக்கு வந்து சேர்ந்த தேதிதான். வெல்டிங்குக்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் ஒரே நாளில் மொத்தமாக வந்திருந்தால் வரிசை குழம்பும். அவர் போனில் இன்னும் ஒரிஜினல் இருக்கும்போதே ஒரு பென்டிரைவோடு போய் வாங்கி வந்துடுங்க. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூகுள் போட்டோஸ் சின்க், பேக்கப் அல்ல. அந்த ஆப்பிலேயே ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருந்துவிட்டு நிரந்தரமாக மறையும். போனில் மட்டும் இடம் விடுவிக்க அதற்கென்று தனித் தேர்வு இருக்கு, அதைத்தான் பயன்படுத்தணும். ஆனால் அதற்கு முன் எந்தத் தரத்தில் ஏறியிருக்கு என்று பாருங்க. ஸ்டோரேஜ் சேவர் என்றிருந்தால் மறுபடி சுருக்கி ஏற்றியிருக்கும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதை 16க்குக் குறைத்திருக்கும். உங்க 50 மெகாபிக்சல் படங்களின் ஒரிஜினல் அப்போது போனில் மட்டும்தான் இருக்கும். சுருக்கி ஏற்றினால் இலவசம் என்பதும் 2021 ஜூன் 1 முதல் இல்லை, எல்லாமே அந்த 15 ஜிபிக்குள்தான்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு ஹார்டு டிஸ்க் உறவினர் வீட்டிலோ, காசு கொடுத்த கிளவுடிலோ. இரண்டு டிஸ்க்கையும் ஒரே அலமாரியில் வைத்தால் திருட்டு, தீ, வெள்ளம் எதற்கும் அது காவல் ஆகாது. 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பென்டிரைவையும் மெமரி கார்டையும் படம் கொண்டுபோகப் பயன்படுத்துங்க, வருடக்கணக்கில் காத்து வைக்க வேண்டாம். எஸ்எஸ்டியும் மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் அலமாரியில் கிடக்க ஏற்றதல்ல, அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்குது, மெல்லக் கசியும்.

காப்பி செய்ய ஃப்ரீஃபைல்சின்க் நல்லது. அதில் மிரர் என்று வைத்தால் லேப்டாப்பில் தவறி அழித்த ஃபோல்டர் டிஸ்க்கிலும் அழியும். அப்டேட் என்று வையுங்க, அப்போது புதுசும் மாறியதும் மட்டும் போகும். காப்பி முடிந்ததும் டிஸ்க்கிலிருந்து அங்கங்கே பத்து இருபது படங்களை முழுசாகத் திறந்து பாருங்க. சின்ன முன்தோற்றம் தெரிந்தால் படம் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் போன படத்துக்கும் முன்தோற்றம் அழகாகத்தான் தெரியும்.

பழையவண்டி_மதுரை:

பகிர்வது பற்றி ஒன்று விட்டுப்போச்சு. படங்களை வேறு தளத்தில் ஏற்றி லிங்க் மட்டும் இங்கே போடாதீங்க, நேராக இங்கேயே ஏற்றுங்க. 2017 கோடையில் போட்டோபக்கெட் என்ற படம் ஏற்றும் தளம் திடீரென்று விதியை மாற்றி, வருடம் சுமார் 400 டாலர் கட்டினால்தான் மற்ற தளங்களில் படம் தெரியும் என்றது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ரெஸ்டோரேஷன் பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் ஒரே மாதிரி அறிவிப்புப் பலகை ஆகிப்போச்சு. எழுத்து இருக்கு, “படத்தில் அம்புக்குறி காட்டும் போல்ட்” என்ற வரி இருக்கு, போல்ட் இல்லை. நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பிரிட்டிஷ் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டைத் தேடும்போது இன்றும் அப்படிப் பழைய பதிவுகள் கண்ணில் படும்.

இன்னொன்று. உங்க கார் 50 வருடம் தாண்டியது. 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்குத்தான். பிரிப்பதற்கு முந்தைய நிலை, சேசிஸ் எண், இன்ஜின் எண் காட்டும் படங்களைத் தேதி விவரத்தோடு, எக்ஸிஃபை நீக்காமல், குறைக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்க. அசல் நிலை பற்றிக் கேள்வி வந்தால் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

ஹெரால்டு_66:

சரிங்க. நாளைக்கே பென்டிரைவோடு பட்டறைக்குப் போறேன். கடைசியா ஒன்று, ஃபோல்டர் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா?

மூன்றுபிரதி:

ஃபோல்டருக்குத் தாராளமா வைக்கலாம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டுமே சரியாகக் காட்டும். முதலில் வருடம்-மாதம்-நாள், பிறகு பகுதி: “2024-03-17 பின் லீஃப் ஸ்பிரிங்” மாதிரி. நாள் எண்ணை முன்னால் போட்டால் வரிசை கலைஞ்சிடும். கோப்புப் பெயர் மட்டும் எண்ணாக இருக்கட்டும், 0001 என்று முன்னால் பூஜ்யம் போட்டு. இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 2க்கு முன்னால் 10 வந்து நிற்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு பெயருக்கு வரம்பு 255 பைட். நீளமாகத் தமிழில் விவரித்தால் 85 குறிகளிலேயே காப்பி பாதியில் நின்றுபோகும். விவரத்தை ஃபோல்டருக்குள் ஒரு நோட்பேடு கோப்பில் எழுதி வையுங்க: எந்த எண் படம், எந்த போல்ட், எத்தனை ஷிம்.