அவசரம்: 20% சேர்த்துவிட்டோம், வங்கி போதாது என்கிறதே?

கேட்டவர்: வணக்கம். சுவிட்சர்லாந்து வந்து நான்கு வருடம் ஆகிறது. 9 லட்சம் பிராங்கில் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்திருக்கிறோம். சொந்தப் பணம் 20% வேண்டும் என்றார்கள், 1,80,000 சேர்த்துவிட்டோம். இன்று வங்கியில் போதாது என்கிறார்கள். விற்பவரோ வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். கட்டிவிடலாமா? வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பேர்ன் அண்ணா: தம்பி, இப்போதே எதற்கு வீடு? நாங்கள் வந்த புதிதில் ஒரே அறையில் நாலு பேர் படுத்தோம். வாடகைக்கு எழுதிப் போட்டால் பெயரைப் பார்த்தே பதில் வராது. முதலில் மொழியைப் படியுங்கள்.

வின்டர்தூர் அக்கா: அவர் வாடகை வீடா கேட்டார்? தம்பி, வேலையிடம் வழியாக உங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்ந்திருக்கும் பென்ஷன் பணத்தையும் எடுத்துப் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

லுட்சேர்ன்: தொடவே தொடாதீர்கள்! எடுத்தால் வரி, வயதானபின் வருவதும் குறையும். எடுக்காமல் வங்கியிடம் அடகு வைக்கவும் வழி உண்டு.

பேர்ன் அண்ணா: வரியைப் பற்றிப் பேசாதீர்கள். சொந்த வீட்டில் குடியிருந்தால், வராத வாடகையை வருமானமாகக் கணக்கு வைத்து வரி போடுகிறார்கள்!

லுட்சேர்ன்: அதை நீக்க 2025 செப்டம்பர் வாக்கெடுப்பில் முடிவாகிவிட்டது அண்ணா.

ஆராவ்: கேள்விக்கு வருவோம். தம்பி, அந்த 1,80,000 எங்கிருந்து வந்தது?

கேட்டவர்: 70,000 பென்ஷன் நிதி, 70,000 சேமிப்பு, 40,000 என் அண்ணன் கடனாகத் தருகிறார்.

ஆராவ்: அங்கேதான் இடிக்கிறது. 20 சதவீதத்தில் பாதி, அதாவது 90,000, பென்ஷன் நிதி அல்லாத பணமாக இருக்க வேண்டும். சேமிப்பு, மூன்றாம் தூண் கணக்கு (ஓய்வுக்காலத்துக்கு நாமே தனியாகச் சேர்ப்பது), அன்பளிப்பு எல்லாம் செல்லும். திருப்பித் தர வேண்டிய கடன் செல்லாது. அதனால் உங்களிடம் 70,000தான் அந்தக் கணக்கில் நிற்கிறது. அண்ணன் உண்மையிலேயே திருப்பிக் கேட்க மாட்டார் என்றால் அன்பளிப்பு என்று எழுதித் தரட்டும், 1,10,000 ஆகிவிடும். மனசில் கடன் என்று இருந்தால் எழுத வேண்டாம், பின்னால் குடும்பத்தில்தான் சண்டை.

அப்புறம், வங்கி வீட்டை 8,50,000 என்று மதிப்பிட்டால் அதில் 80 சதவீதம்தான் கடன் கிடைக்கும். மீதி 2,20,000 உங்கள் கையிலிருந்து. நோட்டரி செலவும், பென்ஷன் பணத்துக்கான வரியும் தனி.

சம்பளத்தைச் சொல்லவில்லையே? 9 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 7,20,000 கடனுக்கு வங்கி 5% வட்டி வைத்துப் பார்க்கும்: 36,000. பராமரிப்புக்கு வீட்டு விலையில் 1%: 9,000. 15 வருடத்தில் கடனை விலையின் மூன்றில் இரண்டுக்குக் குறைக்க வருடம் 8,000. மொத்தம் 53,000. இது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது வருடம் 1,59,000 வேண்டும். இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

வங்கி எழுத்தில் சம்மதம் தரும்வரை வெள்ளிக்கிழமை எதுவும் கட்டாதீர்கள். விற்பவரிடம் இரண்டு வாரம் தவணை கேளுங்கள்.