புதுப்பிப்பு: புது கம்ப்யூட்டரில் ப்ளூ ஸ்கிரீன் – காரணம் கிடைத்துவிட்டது

நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தினமும் நாலைந்து முறை ப்ளூ ஸ்கிரீன் காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது, ஒவ்வொரு முறையும் வேறு எரர் கோடு என்று போன மாதம் எழுதியிருந்தேன். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பலனில்லை.

கோளாறு ரேமில்தான். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனை பிரச்சினை இல்லை என்றது. அதை நம்பி ஒரு வாரம் வீணானது. பிறகு ரேமைச் சோதிக்கும் தனி மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். எரர் குவிந்தது. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி (XMP) செட்டிங்கை அணைத்தும் நிற்கவில்லை. இரண்டு ரேமையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன்: ஒன்று சோதனையின் 4 சுற்றையும் எரர் இல்லாமல் முடித்தது, மற்றது 10 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஸ்லாட் மாற்றியும் அதே கதைதான்.

ஜோடியாக வாங்கியதால் இரண்டையுமே வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு 3200 வேகத்தில் 12 நாளாக ஒரு கிராஷ்கூட இல்லை. தனித்தனியாகச் சோதிக்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.