94 என்று வந்த சலான்: கட்டிவிடுவதா, கோர்ட்டில் கேட்பதா?

மோட்டூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று காலை போனில் ஒரு எஸ்எம்எஸ். என் காருக்கு அதிவேகச் சலான், அபராதம் 1,000 ரூபாய். அனுமதித்த வேகம் 80, வேகம் அளக்கும் கருவி (ஸ்பீட் கன்) காட்டிய வேகம் 94. நடந்ததாகச் சொல்லும் தேதி 38 நாளுக்கு முந்தையது. ஆம்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வேலூர் திரும்பிய மதியம் அது.

சலானில் இருக்கும் போட்டோவை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட் தெரிகிறது, என் வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் என் கார் படத்தின் ஓரத்தில் பாதிதான் இருக்கிறது. நடுவில் முழுசாக நிற்பது ஒரு ஆம்னி பஸ். கருவி குறி வைத்த சிலுவைக் கோடு அந்த பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்தில் விழுந்திருக்கிறது. இடம் என்ற கட்டத்தில் 'தேசிய நெடுஞ்சாலை 48' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். டெல்லியில் தொடங்கிச் சென்னையில் முடிகிற சாலை அது. அதில் எந்த இடம்?

நான் கட்டுவதாக இல்லை. கோர்ட்டில் கேட்கப் போகிறேன். யாராவது போய் வந்திருந்தால் சொல்லுங்கள்.

டெம்போ டிரைவர்:
நான் போயிருக்கிறேன் தம்பி. காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், மூன்று மணிக்குப் பேர் கூப்பிட்டார்கள், வேறு தேதி கொடுத்தார்கள். மறுபடியும் ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் வாடகை போனதில் அபராதத்தைப் போல மூன்று மடங்கு நஷ்டம். கடைசியில் கட்டிவிட்டுத்தான் வந்தேன். எங்கள் மாதிரிப் பெரிய வண்டிக்கு 2,000. எஸ்எம்எஸ் ஓனருக்குப் போகும், அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். 'லோடு எட்டு மணிக்குள் இறங்கணும்' என்று விரட்டுவதும் அவர்தான். கேள்வி கேட்க வசதி உள்ளவர்கள் கேளுங்கள்.

பள்ளிகொண்டா மகள்:
தம்பி, கட்டிவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா விடியற்காலை சைக்கிளில் பால் கேன் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். எங்கள் ஊர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், சொசைட்டி அந்தப் பக்கம். மீடியனில் அரளிச் செடிக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கும், அதில்தான் எல்லாரும் கடப்பார்கள். ஒரு நாள் திரும்பி வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது கேன் சப்பையாகி அரளிச் செடிக்குள் கிடந்தது, மூடி மட்டும் எங்கேயோ போய்விட்டது. கார் ஓட்டியவர் '80-ல்தான் வந்தேன்' என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக எங்களிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை.

80-ல் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். 94-ல் போனால் 26 மீட்டர். ஆளைக் கண்ணால் பார்த்துக் கால் பிரேக்கில் விழுவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். 14 கிலோமீட்டர்தானே கூட என்று தோன்றும். ஆனால் வண்டி மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 38 சதவீதம் அதிகம். அப்பா போன பிறகு உட்கார்ந்து இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தவள் நான்.

போட்டோவில் கோடு எங்கே விழுந்தது என்று நீங்கள் பார்க்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு உங்கள் மீட்டரில் எவ்வளவு காட்டியது?

மோட்டூர்க்காரன்:
அக்கா, அப்பாவை நினைத்தால் மனசு கனக்கிறது. பொய் சொல்லத் தோன்றவில்லை. 80-ஐ ஒட்டித்தான் வந்தேன். 85 இருந்திருக்கலாம். 94 நிச்சயமாக இல்லை, பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த பஸ்தான் என்னை ஒதுக்கிவிட்டு ஏறிப் போனது. அதன் வேகத்தை என் தலையில் எழுதினால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

பள்ளிகொண்டா மகள்:
85 என்றாலும் மேலேதானே?

கருப்பு கவுன்:
இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வேலூரில் பல வருடமாக வழக்காடுகிறேன்.

முதலில் வழி. மெய்நிகர் நீதிமன்ற (விர்ச்சுவல் கோர்ட்) இணையதளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுத் தேடுங்கள். வழக்கு அங்கே ஏறியிருந்தால், அபராதம் கட்டுகிறேன் என்று ஒரு பொத்தான், வழக்கை எதிர்க்கிறேன் என்று ஒரு பொத்தான் இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு அந்த எல்லையின் நீதிமன்றத்துக்குப் போய்விடும், நேரில் நிற்க வேண்டும். கட்டிவிட்டு அப்புறம் எதிர்ப்பது நடக்காது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

எந்த எல்லை என்பதுதான் உங்கள் சலானில் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை சார். 2019-ல் வேலூரை மூன்று மாவட்டமாகப் பிரித்தார்கள். பள்ளிகொண்டா வரை வேலூர், மாதனூர் வந்துவிட்டால் திருப்பத்தூர் மாவட்டம். இடம் தெரியாமல் நீங்கள் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் நிற்பதா, ஆம்பூர் கோர்ட்டில் நிற்பதா?

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில்தான் அதிவேகத்துக்கு அபராதம். அதிலேயே மூன்றாவது உட்பிரிவு ஒன்று உண்டு. ஒரே ஒரு சாட்சி 'வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது' என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்பு ஒரு கருவியில் அளந்ததாக இருக்க வேண்டும். அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கிறது என்று முன்னாலேயே பலகை வைக்க வேண்டும். சலானில் படம், அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். உங்களுக்கு 38 நாள் ஆகியிருக்கிறது.

ஆனால் ஒன்று. 15 நாள் தாண்டினால் வழக்கே செல்லாது என்று அந்த விதியில் எழுதவில்லை. அதை ஒரு வாதமாக வைக்கலாம், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் பலம் இடமும் படமும்.

எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார்:
படத்தைப் பற்றி நானும் ஒரு வார்த்தை. அந்தக் கருவி லேசரா, ரேடாரா என்று கேளுங்கள். லேசர் கற்றை 300 மீட்டர் தள்ளிப் போனாலும் ஒரு மீட்டர் அகலம்தான் விரியும், அதனால் கோடு விழுந்த இடம் முக்கியம். ரேடார் அப்படி இல்லை. அதன் கற்றை இரண்டு தடத்தையும் மூடும், பக்கத்தில் பெரிய தகரம் இருந்தால் அதன் எதிரொலிதான் பலமாக வரும். எதுவாக இருந்தாலும் உங்கள் படத்தில் சந்தேகம் நியாயமானது. கருவி சாலை ஓரத்தில் சாய்வாக நின்றது என்று மட்டும் வாதாடாதீர்கள். சாய்வாக அளந்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

பள்ளிகொண்டா மகள்:
வக்கீல் சார், இப்படி ஒவ்வொரு ஓட்டையாகத் தேடிக் கொடுத்தால் நிஜமாகவே 130-ல் போகிறவனும் இதே வழியில் தப்பிப்பான். எங்கள் ஊர் இடைவெளியில் அப்புறம் யார் வேகத்தைக் குறைப்பார்கள்? அன்றைக்கு அங்கே ஒரு ஸ்பீட் கன் இருந்திருந்தால் எங்களுக்குப் போதும். அதனால்தான் அந்தக் கருவி மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

கருப்பு கவுன்:
அம்மா, நீங்கள் சொல்வதை வைத்தே பேசுகிறேன். அன்றைக்கு அங்கே ஒரு கருவி இருந்து, அது 110 என்று எழுதியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குச் சான்றிதழ் புதுப்பிக்கவில்லை, படத்தில் இரண்டு வண்டி, இடமும் எழுதவில்லை. அந்தக் காரோட்டியின் வக்கீல் பத்து நிமிடத்தில் அந்த 110-ஐக் கிழித்துப் போட்டிருப்பார். ஆயிரம் ரூபாய்ச் சலானில் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இப்படி அரைகுறையாக எழுதிப் பழகுகிறார்கள். உயிர் போன வழக்கிலும் அந்தப் பழக்கம்தான் வந்து நிற்கும். இந்தத் தம்பி போய்க் கேட்டால் அடுத்த சலானிலாவது இடத்தை எழுதுவார்கள்.

டெம்போ டிரைவர்:
சார் சொல்வது சரிதான். ஆனால் நான் கோர்ட்டுக்குப் போனபோது எனக்கு யாரும் சான்றிதழைக் காட்டவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. அதை எங்கள் ஸ்டாண்டில் எழுதி ஒட்டினால் நல்லது. கொஞ்சம் எளிமையாக எழுதிக் கொடுங்கள்.

பள்ளிகொண்டா மகள்:
இன்று பகல் முழுக்க யோசித்தேன். வக்கீல் சார் சொன்னதில் பாதி எனக்குப் புரிகிறது. எங்கள் வழக்கிலும் வேகம் என்ற கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்தது. மீதியை இன்னும் ஏற்க முடியவில்லை. 85-ல் வந்தவர் 'நான் 94 இல்லை' என்று கோர்ட்டுக்குப் போவது எனக்கு உறுத்துகிறது.

மோட்டூர்க்காரன்:
உறுத்தட்டும் அக்கா, எனக்கும் உறுத்துகிறது. எதிர்க்கிறேன் என்று அழுத்திவிட்டேன். எந்த இடம், எந்தக் கருவி, அதன் சான்றிதழ் எங்கே, இவற்றைத்தான் கேட்கப் போகிறேன். கருவியைச் சரியாகக் காட்டி, அது என் வண்டிதான் என்று நிரூபித்தால் அங்கேயே கட்டிவிடுவேன். மீட்டர் விஷயத்தை நீதிபதி கேட்டால் மறைக்க மாட்டேன்.

கருப்பு கவுன்:
கேட்காமல் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை சார். குற்றத்தை நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

மோட்டூர்க்காரன்:
சரி சார். அக்கா, அந்த அரளி இடைவெளி எங்கே என்று சொல்லுங்கள்.

பள்ளிகொண்டா மகள்:
ஆம்பூரிலிருந்து வரும்போது டோல்கேட் பக்கமாக வந்ததும் வலது கையில் பாருங்கள். செடி வரிசை ஒரு ஆள் அகலத்துக்கு விட்டுப் போயிருக்கும், மண் தேய்ந்து வழவழவென்று இருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் நான்கு மணிக்கும் கேனோடு ஆள் நிற்பார்கள். இப்போது எங்கள் தம்பிதான் பால் ஊற்றப் போகிறான்.