மறு: மறு: ஊசியில்லாப் பின்னல் – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

ஏற்காட்டிலிருந்து:
கோடை வகுப்புப் பிள்ளைகளுக்காக, நாலு விரலிலேயே உல்லன் நூல் பின்னும் முறையை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கலைக்கு ‘ஊசியில்லாப் பின்னல்’, விரலில் விழும் நூலுக்கு ‘வளையம்’, அடி வளையத்தை எடுப்பதற்குக் ‘கழற்று’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

அம்மாப்பேட்டையிலிருந்து:
‘ஊசியில்லா’ போதாது. முளையடித்த சட்டத்தில் பின்னுவதும், முழங்கை வரை நூலை ஏற்றிக் கையால் பின்னுவதும் ஊசியில்லாதவைதான். அந்தச் சட்டத்தைத் ‘தறி’ என்றும் எழுதிவிடாதீர்கள். சேலத்தில் தறி என்றால் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும். ஒரே நூல் தன்னையே கோத்துக்கொண்டு போவது நெசவாகாது. வளையம் கெட்டியான பொருள். இழுத்தால் இறுகி, விட்டால் நெகிழ்வது கண்ணி. வலைக்கும் அதே சொல்தான்.

சேலம் குகையிலிருந்து:
கண்ணி அருமை. கலைக்கு ‘விரற்பின்னல்’. விரலால் பின்னுவது, மூன்றாம் வேற்றுமைத் தொகை. லகரம் றகரமாகியே தீரும். கற்பலகை, பற்பொடி போல. ஊசி என்ற சொல்லையும் விட்டுவிடலாம். காது இருந்தால்தான் ஊசி. உல்லன் பின்னும் கம்பிக்குக் காதே இல்லை. எழுதுகோல் போலப் ‘பின்னுகோல்’ எனலாம். பின்னலின் வேரே ‘பின்’தான்: நூல் விரலுக்குப் பின்னே போகிறதல்லவா?

அம்மாப்பேட்டையிலிருந்து:
முன்னேயும் வருகிறதே ஐயா! சடையும் பின்னல்தான், அதில் விரலைச் சுற்றுவது ஏது? கடையில் பல்பொடி என்றுதான் கேட்கிறோம். பத்து வயதுக் குழந்தை ‘விரற்’ என்ற இடத்திலேயே நின்றுவிடும். ‘விரல் பின்னல்’ போதும்.

ஆத்தூரிலிருந்து:
பெயரை விட வினைதான் ஆபத்து. ‘கழற்று’ என்று படித்த பிள்ளை கண்ணியை விரலிலிருந்தே உருவிவிடும். அந்த இடம் ஏணிப்படி போல அடிவரை அவிழும். கை செய்வதைப் பாருங்கள். உள்ளங்கை நம்மைப் பார்க்க, நூல் நுனி கட்டைவிரல் இடுக்கில். ஆள்காட்டி விரலுக்கு முன், நடுவிரலுக்குப் பின், மோதிர விரலுக்கு முன், சுண்டுவிரலுக்குப் பின். அதைச் சுற்றி, போகும்போது முன்பக்கம் விட்டுப்போன விரல்களுக்கு முன்னால் வரும்படி திரும்ப வேண்டும். இன்னொரு முறை போய் வந்தால் விரலுக்கு இரண்டு கண்ணி. இப்போது சுண்டுவிரலில் தொடங்கி, அடிக்கண்ணியை மேற்கண்ணிக்கும் விரல்நுனிக்கும் மேலே தூக்கிப் பின்பக்கம் விடுகிறோம். மேற்கண்ணி விரலிலேயே நிற்கிறது. அதனால் ‘தாண்டவிடு’. முதல் வரிசை முடிந்ததும் நுனியைப் பின்னால் தள்ளிவிடலாம். பிறகு வரிசைக்கு ஒரு முறை போய் வந்தால் போதும்.

தொடக்கத்தில் எல்லாரும் நூலை இழுத்துப் பிடிப்பார்கள். விரல்நுனி சிவந்தால் கண்ணி தாண்டாது. தளர்த்திச் சுற்றச் சொல்லுங்கள். பட்டு நூல் வழுக்கும், வேண்டாம். எழுந்து போக வேண்டுமானால் நாலு கண்ணியையும் வரிசை மாறாமல் பென்சிலில் ஏற்றலாம். முடிக்கும்போது ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியை நாலு கண்ணிக்குள்ளும் கோத்து இழுக்கவும். பட்டை உள்ளே சுருண்டு கயிறு போல இருக்கும். மஃப்ளருக்கு மூன்று நாலு கயிற்றைப் பக்கவாட்டில் தைக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து:
கண்ணி, தாண்டவிடு: இரண்டும் ஏற்றாயிற்று. தலைப்பு ‘விரல் பின்னல்’. நன்றி.

குகையிலிருந்து:
நடுவில் இடம் விட்டு அச்சிட்டால் பேசாமல் இருப்பேன். சேர்த்து ‘விரல்பின்னல்’ என்று போட்டால் அது பிழை. மெய்ப்பு பார்ப்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அம்மா.