ஆன்ரி சல்வதோரின் ‘ஜார்தான் தீவேர்’: கிட்டாரில் வாசித்தால் பேண்டு வாத்தியம் மாதிரி ஒலிக்கிறதே, ஏன்?

நாணல்:
வணக்கம். பிரெஞ்சுப் பாடகர் சல்வதோரின் ‘ஷாம்ப்ர் அவெக் வியூ’ (2000) ஆல்பத்தில் வரும் ‘ஜார்தான் தீவேர்’ பாட்டை கிட்டாரோடு பாடப் பழகுகிறேன். ஸ்டீல் தந்தி, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து ஸ்ட்ரம் (தந்திகளை ஒரே வீச்சில் வருடுவது). கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எல்லாம் சரியாக விழுகிறது, ஆனால் மொத்தத்தில் பேண்டு வாத்தியம் நடைபோடுவது போல் இருக்கிறது. காதோடு பேசுகிற மாதிரியான அந்தக் குரலும் வரவில்லை. பிரேசிலின் சாம்பா தாளத்திலிருந்து மென்மையாக உருவான போஸா நோவா இசையே இவரிடமிருந்து பிறந்தது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

கட்டைவிரல்:
முதலில் பிக்கை எடுத்து வைத்துவிடுங்கள். இந்தப் பாணியில் ஸ்ட்ரம் கிடையாது. கட்டைவிரல் பேஸ் (தடித்த) தந்தியை மீட்டும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் மூன்று தந்திகளை ஒரே நேரத்தில் கிள்ளும். நைலான் தந்தி இருந்தால் நல்லது. ஒலித்துளைக்குக் கழுத்துப் பக்கமாக மீட்டினால் ஒலி மென்மையாகும். பிரிட்ஜ் பக்கம் போனால் தகரம் தட்டும்.

ஒரு பாருக்கு (தாளத்தின் ஓர் அளவுக்கு) எட்டு எண்ணிக்கை வையுங்கள். கட்டைவிரல் எப்போதும் 1, 5. விரல்கள் முதல் பாரில் 1, 4, 7. இரண்டாம் பாரில் 3, 6. இந்த இரண்டு பார்தான் சுற்று. எட்டும் சம இடைவெளியில் இருக்கட்டும். ஜாஸ் ஸ்விங் போல நெட்டை, குட்டையாக ஆக்கினால் போஸா கலைந்துவிடும்.

பெரும்பாலானோர் தவறுவது 4, 7 இடங்களில். விரல்கள் தள்ளி விழும்போது கட்டைவிரலும் கூடவே ஓடிவிடும். அதனால் முதலில் கட்டைவிரலை மட்டும் மெட்ரோனோமில் 60 வேகத்தில் (ஒரு தட்டுக்கு இரண்டு எண்ணிக்கை) ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அது தானாக ஓடத் தொடங்கிய பிறகே விரல்களைச் சேர்க்க வேண்டும். 120 தாண்டுவதற்கு அவசரமே இல்லை.

கார்டு: வெறும் மேஜர், மைனர் போட்டால் பஜனைப் பாட்டு ஆகிவிடும். பயிற்சிக்கு, ஆறாவது தந்தியிலிருந்து ஃப்ரெட் எண்கள் (x என்றால் அந்தத் தந்தியைத் தொட வேண்டாம்):
டி மைனர் 9: x 5 3 5 5 x
ஜி 13: 3 x 3 4 5 x
சி மேஜர் 9: x 3 2 4 3 x
முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில், விரல்கள் கிள்ளும் மூன்று தந்திகளில் மூன்றாவது தந்தி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்குகிறது, மற்ற இரண்டும் அசையாது. பாட்டின் வழவழப்பு இங்கேதான் இருக்கிறது. கை பழகிய பின், அடுத்த கார்டை முந்தைய பாரின் 8-லேயே கிள்ளிவிட்டு பேஸை மட்டும் 1-இல் விடுங்கள். நடைபோடும் உணர்வு அதோடு போய்விடும்.

மைக்_அருகே:
குரலுக்கு: இது மைக் வந்த பிறகே சாத்தியமான பாடும் முறை. அரங்கத்தின் கடைசி வரிசைக்கு எறிய வேண்டாம். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) மைக்கிலிருந்து 8–10 செ.மீ. தூரத்தில், பேசும் அளவுக்குப் பாடுங்கள். அவ்வளவு நெருங்கினால் கீழ் அதிர்வெண்கள் தாமாகவே தடிக்கும், குரலுக்கு வெதுவெதுப்பு வரும். கூடவே ‘ப’, ‘ப்ர’ எல்லாம் வெடிக்கும். பாப் ஃபில்டர் (வெடிப்பொலியைத் தடுக்கும் வலை) வைத்து, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வெண்களை வெட்டிவிடலாம். கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) 3:1, எதிரொலி மிகக் குறைவு.

கர்நாடக இசை பழகியவர்கள் அனிச்சையாக நீண்ட சுரத்தில் கமகம் போட்டுவிடுவார்கள். இங்கே சுரம் அசையாமல் நிற்க வேண்டும். வரியின் முடிவை இழுக்காமல் மூச்சோடு விட்டுவிடுங்கள்.

உச்சரிப்பு: ‘ஜார்தான்’ என்று நாம் எழுதுவதில் கடைசி ‘ன்’ உண்மையில் இல்லை. உயிரொலி மூக்கு வழியாகப் போகிறது, நாக்கு மேலண்ணத்தைத் தொடாது. ‘தீவேர்’ முடிவில் ‘உ’ சேர்த்து ‘தீவேரு’ ஆக்காதீர்கள். ர் தொண்டையில் பிறக்கும்.

பழைய_ரிக்கார்டு:
மூன்றாவது கேள்விக்கு: ‘தான் மோன் ஈல்’ என்ற சல்வதோரின் 1950களின் பாட்டை ஒரு இத்தாலியப் படத்தில் கேட்டுத்தான் பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமுக்குச் சாம்பாவை மெதுவாக்கும் எண்ணம் வந்தது என்பது பரவலான கதை. அதை அப்படியே நம்ப வேண்டாம். பிரேசில் பியானோ கலைஞர் ஜானி ஆல்ஃப் போன்றவர்கள் 1950களின் தொடக்கத்திலேயே ரியோவில் போஸாவுக்கு உரிய ஹார்மனிகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பழகும் அந்தக் கிட்டார் நடை பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்த்தோ உருவாக்கியது.

ஆனால் உறவு உண்மை. 1917-இல் பிரெஞ்சு கயானாவின் கயேனில் பிறந்த சல்வதோர், ரே வாந்துரா இசைக்குழுவின் கிட்டாரிஸ்டாக 1940களின் முதல் பாதியில் பிரேசிலில் இருந்தவர். பிரேசில் பாடகர் கயெத்தானோ வெலோசோ 1981-இல் ‘தான் மோன் ஈல்’ பாடிப் பதிவு செய்தார். ஆகவே 83 வயதில் வந்த ஆல்பத்தைக் கிழவர் ஒருவர் புதுப் பாணிக்கு மாறியதாகக் கேட்காதீர்கள். ‘ஜார்தான் தீவேர்’ எழுதிய கெரென் ஆனும் பெஞ்சமின் பியோலேயும் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அவரிடம் ஏற்கெனவே இருந்த குரலுக்கு அளவெடுத்துத் தைத்தார்கள். 2001-இல் பிரான்ஸின் விக்துவார் இசை விருதுகளும் வந்தன.

நாணல்:
நன்றி. அடுத்து எதைக் கேட்கலாம்?

பழைய_ரிக்கார்டு:
‘ரெவெரான்ஸ்’ (2006). வாத்திய இசை ஏற்பாடு ஜாக்கிஸ் மொரெலன்பாம். வெலோசோவும் ஜில்பெர்த்தோ ஜில்லும் கூடப் பாடுகிறார்கள். ‘தான் மோன் ஈல்’ அதில் மறுபடி வருகிறது. அதையும் 1950களின் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். தொகுப்பு ஆல்பங்களில் தேடினால் ‘சோரோ’ மாதிரி நகைச்சுவைப் பாட்டுகளே முதலில் வரும், அதனால் ஆல்பம் பெயர் போட்டே தேடுங்கள்.